காப்பி வேளையும் இல்லற இன்பமும்

காப்பி தேகத்துக்கு நல்லதா, கெட்டதா என்ற தர்க்கம் தமிழ்நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. வைத்தியர்களில் ஒரு சாரார் அதை அறவே விலக்கச் சொன்னார்கள். மற்றொரு சாரார் அளவோடு அருந்தினால் தீங்கில்லை என்றார்கள். தேயிலை, காப்பி, கொக்கோ ஆகிய மூன்றுமே மனிதனுக்கு அவசியமற்றவை என்பது மகாத்மா காந்தியின் அபிப்பிராயம். தர்க்கமும் ஓயவில்லை, காப்பியும் ஓயவில்லை. அத்தர்க்கத்தில் புகுவது நமது நோக்கமன்று. அதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. காப்பி வேளை என்று நமது வீடுகளில் ஒரு வேளை இருக்கிறதே, அது தரும் இன்பம் எதிலிருந்து பிறக்கிறது? பானத்திலிருந்தா, அதைப் பகிர்ந்துகொள்ளும் உறவிலிருந்தா? உறவிலிருந்துதான் என்றால், அந்த உறவின் எல்லைக்குள் இருப்பவர் யார், வெளியே நிறுத்தப்பட்டிருப்பவர் யார்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். காப்பியை நமது புராதன வழக்கம் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. நமது பாட்டன்மாரின் பாட்டன்மார் காலையில் நீராகாரம் பருகினார்கள், பழையது உண்டார்கள், கேழ்வரகுக் கூழோ கம்மங்கூழோ குடித்து ஏர் பூட்டினார்கள். காப்பி அவர்களுக்குத் தெரியாது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற முஸ்லிம் பெரியார் யேமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது ஐதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துரைமார்கள் குடகு, வயநாடு, நீலகிரி, ஏற்காடு முதலிய மலைகளில் அதைப் பெருந்தோட்டப் பயிராக்கினார்கள். மலையில் விளைந்தது நெடுங்காலம் சமவெளியில் வழங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் தமிழ்நாட்டு நடுத்தர வகுப்பார் வீடுகளில் அது வேரூன்றியது. சரித்திர ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது கட்டுரைத் தொகுதிக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயர் சூட்டினார்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வழக்கம் என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. காப்பி வழக்கத்தை நூறாண்டுகளுக்குள் நாமே உண்டாக்கினோம். அதனோடு சேர்த்து, யார் போடுவது, யார் முதலில் குடிப்பது, யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற விதிகளையும் நாமே ஏற்படுத்தினோம். நாம் உண்டாக்கியதை நாமே திருத்தலாம். அதற்கு எந்தச் சாஸ்திரமும் குறுக்கே நில்லாது.

நிற்க. அந்நியப் பயிராக வந்த காப்பி தமிழரின் உபசாரத்துக்கே அடையாளமாகிவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. விடியுமுன் பித்தளை வடிகட்டியின் மேல் பாத்திரத்தில் பொடியிட்டு, கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால், சொட்டுச் சொட்டாக டிகாக்ஷன் கீழே இறங்குகிறது. பால் பொங்கும் மணமும் காப்பிப்பொடியின் மணமும் கலந்து வீட்டையே எழுப்புகின்றன. டவராவுக்கும் டம்ளருக்குமாக நுரை எழ ஆற்றிக் கொடுக்கப்படும் அந்த அரைத் தம்ளர் பானத்தோடுதான் நாளின் முதற்பேச்சு தொடங்குகிறது. மகனுடைய பரீட்சை, மகளுடைய உத்தியோகம், ஊரிலிருந்து வந்த செய்தி, பத்திரிகையில் வந்த ராஜீய விவகாரம் எல்லாம் அப்போதுதான் அலசப்படுகின்றன. வீடு தேடி வந்தவரை ஒரு வாய் காப்பியாவது சாப்பிடாமல் போக விடுவதில்லை. பகைத்துக்கொண்ட பங்காளி வாசற்படி ஏறி, கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்துவிட்டால் வழக்கில் பாதி தீர்ந்ததாகப் பொருள். வேண்டாம் என்று கை அசைத்துவிட்டால் மனஸ்தாபம் நீடிக்கிறதென்று பொருள். விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த ஜனங்கள், புதிதாக வந்த ஒரு பானத்தின்மேல் அந்தப் பழைய தர்மத்தை ஏற்றி வைத்தார்கள்.

இது தமிழருக்கு மட்டும் உரிய பெருமையன்று. காப்பிச் செடியின் தாயகமாகிய எத்தியோப்பியாவில், விருந்தினர் கண்முன்பே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, ஜெபனா என்னும் மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று வழங்குகிறார்கள். மூன்றாவது சுற்றுக்கு ஆசீர்வாதம் என்று பொருள்படும் பெயர். அது முடியுமுன் எழுந்து போவது மரியாதையன்று. 2013-ல் துருக்கியரின் காப்பி மரபையும், 2015-ல் அரபு நாடுகளின் காப்பி உபசாரத்தையும் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது பொடியின் ருசி அன்று. அதைச் சுற்றி மனிதர் கூடும் முறையே ஆகும்.

மனிதனுக்கு மகிழ்ச்சி தருவது எது என்ற கேள்விக்கு ஞானிகள் பலவாறு விடை கூறியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளும் அக்கேள்வியை விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையார் 1938-ல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். அச்சர்வகலாசாலை மாணவர் 268 பேரையும், பாஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த சிறுவர் 456 பேரையும் அவர்களது வாலிபத்திலிருந்து முதுமை வரை தொடர்ந்து கவனித்தார்கள். எண்பது ஆண்டுகளைத் தாண்டிய அந்த ஆராய்ச்சி கண்ட முடிவு மிக எளியது. பணமும் புகழும் செய்யாததை நல்லுறவு செய்கிறது. பிறரோடு நெருங்கிய பந்தம் உடையவர்களே தேகசுகத்தோடும் மனசுகத்தோடும் நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதே அது.

2025-ல் வெளிவந்த உலக மகிழ்ச்சி அறிக்கை இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. ஒருவன் தெரிந்தவர்களோடு சேர்ந்து எத்தனை வேளை உண்கிறான் என்பதைக் கொண்டே அவனது மனநிறைவைப் பெரும்பாலும் அறியலாம் என்றும், வருமானமும் வேலையும் காட்டும் அளவுக்கு இதுவும் காட்டுகிறது என்றும் அது கூறுகிறது. அமெரிக்காவில் 2023-ல் நான்கு பேரில் ஒருவர் முந்திய நாளின் உணவு முழுவதையும் தனியாகவே உண்டதாகத் தெரிவித்தார்கள். அந்நாட்டின் செல்வம் அவர்களுக்குத் துணை இருக்கவில்லை.

இதைப் படித்து, "மேல்நாட்டார் கதி அப்படி, நம் கூட்டுக் குடும்பத்தில் அக்குறை ஏது?" என்று மார்தட்டுவோர் இருப்பர். அவர்கள் அதே அறிக்கையை மேலும் படிப்பார்களாக. 147 நாடுகள் அடங்கிய அவ்வரிசையில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் 118. இத்தகைய வரிசைகளில் குற்றம் காண்பது எளிது; கேள்வி கேட்கும் முறையிலேயே பிழை இருக்கலாம். ஆனால் சேர்ந்துண்ணும் விஷயத்திலும் தென்னாசிய நாடுகள் பின்வரிசையில் நிற்கின்றன. இலத்தீன் அமெரிக்க நாடுகள் முன்வரிசையில் நிற்கின்றன. இது எப்படி நேர்ந்தது? ஒரே கூரையின் கீழ் பத்துப் பேர் வசிப்பது வேறு. பத்துப் பேரும் ஒன்றாக உட்காருவது வேறு. ஆடவர் முதற்பந்தி, குழந்தைகள் இரண்டாம் பந்தி, பரிமாறிய பெண்மணி கடைசியில் அடுக்களையில் தனியாக உண்பது என்ற முறையை நாம் குடும்ப ஒற்றுமை என்று அழைத்து வந்திருக்கிறோம். இப்பொழுதோ ஆளுக்கொரு கைபேசியுடன் மூலைக்கொருவராக அமர்ந்து குடிக்கும் புதுமையும் இதனோடு சேர்ந்திருக்கிறது.

மகிழ்ச்சி வரிசையில் முதலிடம் பெற்ற பின்லாந்து தேசத்தார் காப்பிப் பிரியர்கள். ஆளொன்றுக்கு ஆண்டொன்றுக்குப் பத்துக் கிலோ அளவில் அவர்களுக்குக் காப்பி செலவாகிறது. ஆகவே காப்பியினால்தான் மகிழ்ச்சி என்று முடிவு கட்டுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகும். ஆனால் அங்குள்ள ஒரு வழக்கம் கவனிக்கத் தக்கது. தொழிலாளர் சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களிலேயே காப்பி இடைவேளை இடம் பெறுகிறது. அண்டை நாடாகிய சுவீடனில் அவ்விடைவேளைக்கு 'பீகா' என்று பெயர். பெரிய அதிகாரியும் சிறிய குமாஸ்தாவும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவதே அதன் சிறப்பு. நமது ஆபீசுகளிலும் காப்பி உண்டு. அதிகாரியின் அறைக்குப் பீங்கான் கோப்பையில் அது போகிறது. அதைச் சுமந்து செல்லும் சேவகர் வாசலில் நின்றுதான் தமது காப்பியைக் குடிக்கிறார்.

இப்பொழுது கேள்வியின் முக்கிய பாகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் காப்பி ஜனங்களைச் சேர்த்து வைத்ததா, பிரித்து வைத்ததா? இரண்டையும் செய்தது என்பதே சத்தியம். காப்பி கிளப்புகள் தோன்றிய காலத்தில் அவை அந்நியரையும் அந்நியரையும் அருகருகே உட்கார வைத்தன. தேசிய இயக்கத்தின் எத்தனையோ வாக்குவாதங்கள் அம்மேஜைகளில் நடந்தன. ஆனால் அதே கிளப்புகளில் 'பிராமணாளுக்கு மட்டும்' என்று ஒரு பக்கம் தடுக்கப்பட்டிருந்தது. ஆதிதிராவிடருக்கோ வாசற்படியே தடுக்கப்பட்டிருந்தது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் கூட ஜாதிப் பிரிவினை இருந்தது. கிளர்ச்சியின் பயனாக 1941-ல்தான் அது ஒழிந்தது. 1938-ல் எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் கொணர்ந்த மசோதா, பொது இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு இருந்த தடைகளை நீக்கும் சட்டமாயிற்று. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது விதி, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஜாதி காரணமாக யாரையும் தடுக்கலாகாது என்றது. 17-ஆவது விதி தீண்டாமையையே ஒழித்தது. அதற்குப் பின்னும், 1957-ல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை நீக்குவதற்காகப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புக வேண்டியிருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று வாசகர்கள் நினைக்கலாம். பலகை மறைந்தது, டம்ளர் மறைந்ததா? இரட்டைக் குவளை முறை தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் வழங்கியதை, இந்நூற்றாண்டிலும் தீண்டாமை ஒழிப்புத் தொண்டர்கள் கிராமம் கிராமமாகச் சென்று அம்பலப்படுத்தியிருக்கிறார்கள். அது கிராமத்துக் கடைக்காரரின் குற்றம் என்று பட்டணத்தார் தப்பித்துக்கொள்ள முடியாது. 2011-12-ல் தேசமெங்கும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் நடத்தப்பட்ட இந்திய மானிட வளர்ச்சி ஆய்வில், ஏதேனும் ஒரு வகையில் தீண்டாமை அனுசரிப்பதாக ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 சதவீதம். நகரங்களிலேயே 20 சதவீதம். அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன? தாழ்த்தப்பட்ட வகுப்பார் உமது அடுக்களைக்குள் வரலாமா, உமது பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா என்பதே. ஒப்புக்கொண்டவர்கள் இத்தனை பேர் என்றால், ஒப்புக்கொள்ளாதவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்களின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறோம்.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குக் காப்பி கொடுக்கிறோம் என்று பெருமை பேசும் வீடுகள் பல. அந்தக் காப்பி எதில் கொடுக்கப்படுகிறது? கொல்லைப்புற ஜன்னல்மேல் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரில்! வீட்டார் குடித்த அத்தனை டம்ளர்களையும் தம் கையால் துலக்கி வைப்பவர் அவரே. ஆனால் அவற்றில் ஒன்றில் குடிக்க அவருக்கு உரிமையில்லை. இதற்குச் சுத்தம், ஆசாரம், ஆரோக்கியம் என்று வெவ்வேறு பெயர் சூட்டுகிறார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. நாம் ஊர்க்கடையில் எதிர்க்கும் இரட்டைக் குவளையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுக்களைக்குள் இருக்கும் பெண்மணியின் நிலையையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். இந்திய சர்க்கார் 2024-ல் எடுத்த காலக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 289 நிமிஷம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 88 நிமிஷம். வீட்டிலுள்ள எல்லோருக்கும் முன்னால் எழுந்து டிகாக்ஷன் இறக்குபவள் அவள். மாமனாருக்குச் சர்க்கரையில்லாமல், கணவனுக்குக் கள்ளிச்சொட்டாக, பிள்ளைக்குப் பால் மிகுதியாக என்று ஒவ்வொருவர் ருசியையும் நினைவில் வைத்திருப்பவள் அவள். அவளுக்கு எப்படிப்பட்ட காப்பி பிடிக்கும் என்று கேட்டால், அவ்வீட்டிலுள்ளோரில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? முதல் டிகாக்ஷன் மற்றவர்களுக்கு. இரண்டாம் டிகாக்ஷன் அவளுக்கு. காப்பி மணத்தால் குடும்பம் கூடுகிறது என்று கவி பாடுகிறோம். அதைக் கூட்டியவள் அக்கூட்டத்தில் இல்லை.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு கூட்டம் நம் நினைவுக்கு வராமல் இருக்கிறது. 1830-களிலிருந்து தமிழ்நாட்டு ஏழைகள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து, காடு கடந்து கண்டி மலைகளுக்குச் சென்றது காப்பித் தோட்டங்களில் உழைக்கவே. வழியிலேயே மாண்டோர் பலர். 1869-ல் இலைத்துரு நோய் தோன்றி அத்தோட்டங்களை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கூலிகளின் நிலை மட்டும் மாறவில்லை. இன்று நமது மலைகளிலும் பழம் பறிப்போர் அன்றாடக் கூலிக்காரர்களே. இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி அயல்நாடுகளுக்குப் போகிறது. அதைப் பறித்த கைகளுக்குத் தரமான கொட்டையின் ருசி தெரியாது.

இத்தனையும் கூறியது காப்பி வேளையை இகழ்வதற்காக அன்று. அதன் சக்தியை நம்புவதனாலேயே கூறினோம். அச்சக்தி பிறப்பினால் வரும் பந்தத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு நல்ல சாட்சியும் நம் நாட்டிலேயே உண்டு. காப்பி போர்டு நடத்திவந்த காப்பி ஹவுஸ்கள் 1950-களில் மூடப்பட்டு ஊழியர்கள் வேலையிழந்தபோது, ஏ. கே. கோபாலன் முதலிய தலைவர்களின் துணையோடு அவர்கள் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே அவற்றை ஏற்று நடத்தினார்கள். கேரளத்திலும் பிற இடங்களிலும் அவை பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. காப்பி கொண்டுவந்து கொடுப்பவரே அந்த ஸ்தாபனத்தின் பங்குதாரர். அங்கே உட்காருபவன் இன்ன ஜாதி, இன்ன வகுப்பு என்று கேட்பார் இல்லை. மேஜையில் இடம் உண்டா என்பது ஒன்றே கேள்வி.

சிலர் ஆட்சேபம் கூறுவர். "நாட்டில் விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் தலைவிரித்தாடும்போது, டம்ளரைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்பது அவர்கள் கேள்வி. வயிற்றுப் பசிக்கு முதலிடம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பசி தீர்ந்தவர் வீட்டிலும் மகிழ்ச்சி இல்லையே, அது ஏன்? மதிக்கப்படவில்லை என்ற நோவு ரொட்டியால் தீர்வதன்று. இன்னொரு சாரார், "வீட்டு விவகாரத்தில் பொதுஜனத் தொண்டருக்கு என்ன வேலை?" என்பர். மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு வீடு திரும்புகிற தொண்டருக்கு, வீட்டில் கிடைக்கும் முதற்பொருள் காப்பிதான். யார் போட்ட காப்பி, போட்டவர் குடித்தாரா, வாசலில் காத்திருக்கும் வண்டியோட்டிக்கு எந்த டம்ளர் என்று அவர் கேட்பாராகில், அவரது பிரசங்கத்துக்கு அன்றுதான் அர்த்தம் உண்டாகும். கேட்காவிடில், வீட்டில் இல்லாத சமத்துவத்தை அவர் தெருவில் தேடுகிறார்.

நாம் வேண்டுவது பெரிய புரட்சியன்று. ஒவ்வொரு வீட்டிலும் நாளில் ஒரு காப்பி வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்காரும் வேளையாக இருக்கட்டும். கைபேசி அப்போது வேறு அறையில் கிடக்கட்டும். வாரத்தில் சில நாளாவது ஆடவர் அடுக்களையில் நின்று டிகாக்ஷன் இறக்கி, வீட்டுப் பெண்களுக்கு முதல் டம்ளரைக் கொடுக்கட்டும். அதனால் எவருடைய ஆண்மையும் குறையாது. பால் ஒருமுறை பொங்கி வழிந்தாலும் பாதகமில்லை. ஜன்னல்மேல் கவிழ்த்த அந்தத் தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்து வைக்கட்டும். வேலை செய்ய வந்தவர் நிற்காமல் உட்கார்ந்து குடிக்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், சர்க்கார் உத்தரவு வேண்டாம், சந்தா வேண்டாம். நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

மகிழ்ச்சி என்பது தனியாக ஒருவன் பருகி முடிக்கும் பானமன்று. தன்னைச் சுற்றியுள்ளோர் தன்னையும் ஒரு மனிதனாக எண்ணி ஓர் இடம் ஒதுக்கினார்கள் என்ற உணர்ச்சியே அதன் சாரம். அந்த இடத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும், குடும்பத்துக்கு வெளியே உழைப்பவர்களுக்கும் கொடுக்கும் வீடு எதுவோ, அதுவே இன்பமுள்ள வீடு. அத்தகைய வீடுகள் பெருகாத தேசம், உலக வரிசையில் எந்த இடத்தைப் பெற்றாலும், தன் ஜனங்களின் உள்ளத்தில் இடம் பெறாது.